நால்வகை அடிசிலும் ஒரு சிற்றிரைப்பையும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், மாணாக்கர் விரைந்து கடந்துசெல்லும் விதி ஒன்று உண்டு. வெவ்வேறு வினைக்குரிய பல பொருள்களுக்குப் பொதுவாய் நிற்கும் ஒரு பெயரை, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினைகொண்டு முடித்தலாகாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உதாரணம் அடிசில் என்னும் சொல். உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன ஆகிய நான்கையும் அது அடக்கி நிற்கும். ஆதலின் 'அடிசில் தின்றார்' என்றலும் 'அடிசில் பருகினார்' என்றலும் வழுவாம். 'அயின்றார்', 'மிசைந்தார்' எனப் பொதுவினையாற் கூறுதலே மரபு.

இவ்விதியை மாத்தளையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்து வருகின்றேன். சோறு உண்பது, முறுக்குத் தின்பது, பால் பருகுவது, தேன் நக்குவது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குச் செல்வதே என் வழக்கம். இப்பாகுபாடு வெறும் சொல்வழக்கு அன்று, ஒரு மனிதனின் நலத்தையே காக்கவல்லது என்பதை என் வீட்டு உணவுமேசையிலேதான் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற ஒருவர் இன்று தாமும் ஆசிரியராய் இருக்கின்றார். நாற்பது வயதை எட்டுமுன்னரே நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அவரைப் பற்றின. உடற்பருமனால் பாடசாலையின் மாடிப்படி ஏறுவதும் அவருக்கு அரிதாயிற்று. வைத்தியர்களின் ஆலோசனைப்படி இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, நான்காம் வாரத்தில் எம்மைக் காண வந்தார்.

"இப்ப சாப்பிடலாமா, தம்பி?" என்று என் மனைவி கேட்டார்.

"சாப்பிடலாம் அம்மா, கொஞ்சம் கொஞ்சமாக" என்றார் அவர்.

அந்தச் 'சாப்பிடலாம்' என்ற ஒரு சொல்லே எங்களுக்குப் போதுமாயிற்று. குரக்கன் பிட்டும் கோழிக்கறியும் மேசைக்கு வந்தன. மெலிந்த அவர் முகத்தைக் கண்ட இரக்கத்தால் "இன்னும் ஒரு பிடி" என்று வற்புறுத்தியவன் நானே. ஆசிரியர் சொல்லைத் தட்டலாகாது என்று அவரும் உண்டார். சிறிது நேரத்தில் அவர் முகம் வெளிறியது. நெஞ்சின் நடுவே கையை வைத்து அழுத்தினார். வாயில் உமிழ்நீர் நுரைத்துப் பெருகிற்று. நான் பதறி, "தண்ணீரைக் குடி, இறங்கிவிடும்" என்று செம்பை நீட்டினேன். நீரும் இறங்கவில்லை, குடித்த மிடறு அப்படியே திரும்பி வந்தது. ஏறக்குறைய அரைமணி நேரம் அவர் பட்ட வேதனையை நானும் என் மனைவியும் கைகட்டி நின்று கண்டோம்.

வேதனை தணிந்தபின், உணவு முறையை விளக்கி வைத்தியசாலையில் தமக்குத் தந்திருந்த தாளை அவர் எடுத்துக் காட்டினார். அதைப் படித்தபோது என் பிழைகள் இரண்டும் விளங்கின. நக்குவனவற்றின் பருவத்தில் தின்பனவற்றைக் கொடுத்தது ஒன்று. அடைபட்ட வழியில் நீரை வார்த்தது மற்றொன்று.

இரைப்பை சிறுத்த வகை

உடற்பருமனுக்கு இரைப்பையிற் கத்தி வைக்கும் மருத்துவம் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்துச் செல்லுமாறு மாற்றுவழி அமைக்கும் முறையை 1966ஆம் ஆண்டிற் செய்தார். பின்னர் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழல்போல ஆக்கும் முறையும் வந்தது. சென்னை, கோயம்புத்தூர், கொழும்பு ஆகிய நகரங்களிலும் இன்று இவை செய்யப்படுகின்றன. உடற்பருமனோடு வாழ்வோர் தொகை உலகில் 2022ஆம் ஆண்டில் நூறு கோடியைத் தாண்டிவிட்டது என்னும் கணக்கை நோக்கின், இத்தகையோர் நம் உறவினரிடையேயும் அயலிலும் பெருகுவர் என்பது தெளிவு.

இனி அளவைக் காண்போம். இயல்பான இரைப்பை ஒரு லீற்றருக்குக் குறையாமல் ஏற்கும். வேண்டுமாயின் அதற்கு மேலும் விரியும். குழல் முறையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீக்கப்பட, எஞ்சுவது ஒரு தேநீர்க் கோப்பை கொள்ளும் அளவே. மாற்றுவழி முறையில் உணவை முதலில் ஏற்கும் பை இன்னும் சிறிது. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லிலீற்றர் அளவினதாக அது தொடங்கும்.

அளவினும் முக்கியமான வேறொன்று உண்டு. நாம் விழுங்கும் கவளம் சுமார் 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள உணவுக்குழாயின் வழியே தானாக வீழ்வதில்லை. குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக அலைபோலச் சுருங்கி அதனைத் தள்ளிச் செல்கின்றன. கவளம் வருவதை உணர்ந்து இரைப்பையின் மேற்பகுதி முன்னதாகவே நெகிழ்ந்து இடங்கொடுக்கும். விருந்தினரைக் கண்டதும் எழுந்து இருக்கை தரும் பண்பு அதனுடையது. குழல் முறையில் வெட்டி நீக்கப்படுவது பெரும்பாலும் அந்த மேற்பகுதியே. எஞ்சிய குழலுக்கு நெகிழும் ஆற்றல் குறைவு. ஆகவே மெல்லாத ஒரு கவளம் வந்து சேர்ந்தால் அதற்கு இருக்க இடமும் இல்லை, கடக்க வழியும் இல்லை.

ஏணியின் நான்கு படிகள்

மாணவர் காட்டிய தாளில் நான்கு பருவங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அவை நம் உரையாசிரியர் கூறிய நால்வகையோடு ஒத்துச் செல்வதைக் கண்டு வியந்தேன். நாட்கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபடும். சிகிச்சை செய்தவர் வகுத்ததையே அவரவர் பின்பற்றல் வேண்டும். ஆயின் வரிசை மாறுவதில்லை.

முதலாவது பருகுவன. ஏறக்குறைய முதல் இரண்டு வாரங்கள் நீர்மப் பொருள்களே உணவு. முதலில் நீரும் கஞ்சித் தெளிவும். பின்னர் பாலும் வடித்த பருப்பு நீரும் போன்றவை. இவற்றையும் மாந்துதல் கூடாது. மிடறு மிடறாக, பொழுது முழுவதும் பருகுதல் வேண்டும். பருகலுக்கும் மாந்தலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இவர்களைப்போல் உணர்ந்தோர் இலர்.

இரண்டாவது நக்குவன. இன்று இச்சொல் இழிவழக்குப்போல் ஒலிப்பினும், லேகியம் என்னும் வடசொல்லின் பொருளும் நக்கற்பாலது என்பதே. மசித்த பருப்பு, கட்டியில்லாத தயிர், மசித்த மீன் முதலியன சிறு கரண்டியால் நாவில் வைத்துக் கரைத்து உட்கொள்ளும் பருவம் இது. எங்கள் மேசைக்கு வந்தபோது மாணவர் இப்படியிலேயே நின்றார்.

மூன்றாவது உண்பன. குழைய வெந்த மென்மையான உணவு ஏறக்குறைய இரண்டாம் மாதத்தில் வரும். நான்காவது தின்பன; பல்லுக்கு வேலை தரும் உணவு யாவற்றினும் பிந்தியது. அப்பொழுதும் சில பொருள்கள் தொல்லை தருவனவே. உதிர்ந்து உலரும் பிட்டு, தொண்டையில் உருண்டையாகும் பாண், தடித்த தேங்காய் ரொட்டி, நாருள்ள முருங்கைக்காய், உலர்ந்த கோழியிறைச்சி, ஒட்டித் திரளும் சோறு ஆகியவை அத்தகையன. நாம் அன்றாடம் விரும்பும் உணவின் பட்டியலே இஃது என்பதை அன்பர்கள் கவனிப்பாராக.

எப்படியில் நின்றாலும் ஒழுங்கு ஒன்றே. நிமிர்ந்து அமர்தல் வேண்டும். கவளம் ஒரு கடலையின் அளவினதாதல் வேண்டும். கூழாகும்வரை, இருபது முப்பது முறை மெல்லுதல் வேண்டும். ஒன்று இறங்கியபின்னரே அடுத்ததை எடுத்தல் வேண்டும். ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம் செல்லும். புரதம் நிறைந்த உணவு முதலில், இடமிருந்தால் மற்றவை. நெஞ்சில் இறுக்கம், விக்கல், மூக்கில் நீர்வடிதல் இவற்றுள் ஒன்று தோன்றினும் கையை நிறுத்தல் வேண்டும். விக்கல் எடுத்தால் எவரோ நினைக்கின்றார் என்பது நம்மவர் வழக்கு. இவர்க்கோ நினைவூட்டுவது இரைப்பையே.

நீரும் தேனும்

உணவிடையே நீர் அருந்துதலும், விக்கினால் நீர் கொடுத்தலும் நம் கைவந்த பழக்கங்கள். இவர்களுக்கு உணவோடு நீர் ஆகாது. உண்டபின் அரைமணி நேரம் கழித்தே பருகுதல் வேண்டும். அடைபட்டபோது நீர் கொடுத்தால் அது அடைப்பின்மேல் நின்று துன்பத்தை மிகுவிக்குமேயன்றி அதனைக் கரைக்காது. அப்பொழுது செய்யத்தக்கது, உண்பதை நிறுத்தி, நிமிர்ந்து அமைதியாய் இருத்தலே. பெரும்பாலும் சிறிது நேரத்தில் வழி திறக்கும். சில மணி நேரமாகியும் உமிழ்நீரோ நீரோ இறங்காவிடின், அல்லது கடும் வலியும் காய்ச்சலும் காணின், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் தொதல், பாகு முதலிய இனிப்பை உண்பின், அது விரைந்து சிறுகுடலிற் புகுந்து படபடப்பும் வியர்வையும் மயக்கமும் தரும். பெரிய மாத்திரைகளை எவ்வாறு விழுங்குவது, எந்த வலிநிவாரணியைத் தவிர்ப்பது என்பனவற்றையும் வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும்.

உணவு அடைபடுதல் வேறு, புரையேறி மூச்சடைத்தல் வேறு. முன்னதில் பேச முடியும், மூச்சும் வரும். பின்னதில் பேச்சு எழாது, இருமலும் எழாது, முகம் நீலம் பாயும். அது கணப்பொழுதில் உயிர் போக்கும் ஆபத்து. முதுகில் தோள்களுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்புறத்தால் ஐந்து முறை வலுவாகத் தட்டுதலும், பயன்படாவிடின் பின்னின்று அணைத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அமுக்குதலும் முதலுதவியாம். அதேவேளை ஒருவர் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்சை வருவித்தல் வேண்டும். ஆசிரியர் யாவரும் இதைப் பழகி வைத்திருத்தல் நன்று.

ஒரு சிங்களச் சொல் தரும் எச்சரிக்கை

வாந்தி நாட்கணக்கில் நீடிப்பின் வேறோர் இடர் உண்டு. பெரிபெரி என்னும் நோய்ப்பெயர் சிங்களத்திலிருந்து பிற மொழிகளுக்குச் சென்றது என்பர் அகராதியாசிரியர். இயலாமையைக் குறிக்கும் சொல் இரட்டித்து வந்து, 'இயலேன், இயலேன்' என்னும் தளர்ச்சியைக் காட்டுகின்றது. தீட்டிய அரிசியையே உண்டோரைப் பற்றிய இந்நோயின் காரணத்தை, கோழிகளை ஆராய்ந்து அறியத் தொடங்கியவர் யாவாவிற் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் ஐக்மன். 1929ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். தவிட்டோடு போன அந்தச் சத்தே தயமின் எனப்படும் விற்றமின் பி1. உடலில் அதன் சேமிப்புச் சில வாரங்களுக்கே போதும்.

பழைய நோயாகிய அது, இரைப்பைச் சிகிச்சை பெற்று இடைவிடாது வாந்தியெடுப்போரிடம் மீண்டும் தலைகாட்டுகின்றது. கால் மரத்தல், நடை தள்ளாடல், பார்வை இரட்டித்தல், சிந்தை குழம்பல் ஆகியவை அதன் குறிகள். இவற்றைக் களைப்பென்று எண்ணி வீட்டில் வைத்திருத்தலாகாது. எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும், முதலில் இவர்க்கு இரைப்பைச் சத்திரசிகிச்சை நடந்தது என்று சொல்லுதல் வேண்டும். விற்றமின்களையும் இரும்பு, கல்சியம் ஆகியவற்றையும் வைத்தியர் கூறியவாறு வாழ்நாள் முழுதும் கைவிடாமல் எடுத்தலும் இன்றியமையாதது.

விருந்தோம்பலின் இலக்கணம்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் பெயர் மருந்து. அதன் பத்துக் குறள்களிலும் ஒரு மருந்தின் பெயரேனும் இல்லை. ஆறு குறள்கள் உணவின் அளவையும் முன் உண்டது செரித்தலையுமே பேசுகின்றன. அதே நூல் விருந்தோம்பலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தது. இரண்டையும் கற்பிக்கும் நாம், நடைமுறையில் விருந்தோம்பலைக் கைக்கொண்டு மருந்தைக் கைவிட்டோம். இலையில் மேலும் மேலும் இடுதலே அன்பு எனக் கருதுகின்றோம். 'வேண்டாம்' என்பார் சொல்லை நாணம் என்று பொருள்கொண்டு மறுபடியும் இடுகின்றோம். கத்தி செய்த வேலையைச் சிகிச்சை பெற்றவர் தனித்துக் காத்தல் அரிது. அவர்தம் தாயும் மனைவியும் நண்பரும் சேர்ந்தே காத்தல் வேண்டும். 'சாப்பிடலாமா?' என்பது அவரிடம் கேட்கத்தக்க வினா அன்று. 'பருகலாமா, மசித்துத் தரலாமா, மென்று தின்னலாமா?' என்பதே கேள்வி.

முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகத் தேர் பார்க்க அம்மாணவர் மீண்டும் எம் இல்லம் வந்தார். மாடிப்படி இப்போது அவர்க்கு அச்சம் தருவதில்லை. என் மனைவி முதலில் கேட்டது எப்படியில் நிற்கின்றார் என்பதே. பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் குழைய வெந்த பருப்பும் முள் நீக்கிய மீனும் வைத்தார். நீர்ச் செம்பை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். அவர் மென்று முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கிண்ணத்தில் பாதி எஞ்சியது. 'இன்னும் ஒரு பிடி' என்னும் சொல் என் நாநுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன்.