சத்தியாகிரகம்: தேர்வுக்குப் படிக்கும் முறை

சம்பாரண் 1917, கேடா 1918, தண்டி 1930 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் முதல்நிலைத் தேர்வைச் சமாளிக்கலாம். முதன்மைத் தேர்வு கேட்பது வேறு: காந்தி ஏன் அந்த வழியில் போராடினார்? இதற்கு விடை எழுத, ஒவ்வொரு போராட்டத்தையும் நான்கு படிகளாகப் பிரித்துப் படியுங்கள்.

உண்மையை அறிதல்: சம்பாரண் விவசாயிகள் தங்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரி பயிரிட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. காந்தி போராட்டத்தை அறிவிக்கும் முன் அவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார்.

முன்கூட்டியே சொல்லுதல்: தண்டி யாத்திரை 1930 மார்ச் 12-இல் தொடங்கியது. அதற்குப் பத்து நாள் முன்பே வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் போய்விட்டது. இதில் ரகசியத்துக்கு இடமில்லை.

மீறித் தண்டனையை ஏற்றல்: சம்பாரணைவிட்டு வெளியேறும்படி வந்த ஆணையைக் காந்தி மீறினார், மோதிஹாரி நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டு தண்டனைக்குத் தயாராக நின்றார். அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது.

வன்முறை புகுந்தால் நிறுத்துதல்: 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் 22 காவலர்கள் கொல்லப்பட்டதும் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது.

கடைசிப் படியில்தான் தத்துவத்தின் உயிர் இருக்கிறது. வழி விதை, இலக்கு மரம் என்று 1909-இல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் காந்தி விளக்குகிறார். வன்முறையால் வரும் விடுதலையில் வன்முறையே விளையும் என்பது அவர் வாதம். எதிராளியை வீழ்த்துவது நோக்கமல்ல. அவர் மனத்தை மாற்றுவதே நோக்கம். ஆகவே சத்தியாகிரகம் பலவீனரின் ஆயுதம் என்பதையும் அவர் ஏற்கவில்லை.

மாற்றுக் கருத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1927-இல் மஹாட் குளத்து நீருக்காகச் சத்தியாகிரகம் நடத்திய அம்பேத்கர், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது இத்தகைய முறைகளைக் கைவிட வேண்டும் என்றார். இரு தரப்பையும் எடைபோடும் விடைக்கு ஆழம் கூடும்.

பயிற்சிக்கு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை எடுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களுடன் நடந்தார். அவர்களுக்கு உணவு தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர் கலெக்டர் எச்சரித்தும் மக்கள் சோறு போட்டார்கள். நான்கு படிகளில் எவை இங்கே தெரிகின்றன? புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு பக்கத்தில் உங்கள் சொந்த நடையில் எழுதிப் பாருங்கள்.