புயலுக்கு மறுநாள் கடற்கரையில் பொற்காசு தென்படுவது ஏன்?

1715 ஜூலை இறுதி. ஹவானாவிலிருந்து பொன்னும் வெள்ளியுமாகப் புறப்பட்ட 11 ஸ்பானியக் கப்பல்கள் ஃபுளோரிடா கரையோரம் சூறாவளியில் மூழ்கின. அந்தக் காசுகள் இன்றும் கரையில் அகப்படுகின்றன, அதுவும் புயலுக்குப் பிறகு. எப்படி?

அரிசி அரிப்பதை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தை மெல்ல ஆட்டினால் அரிசி நீரோடு நகரும். கல் அடியில் தங்கிவிடும். அலையும் இதைத்தான் செய்கிறது. ஒரு மணல்துகளைவிட அதே பருமனுள்ள தங்கத்துகள் ஏழு மடங்கு கனம். அலை மணலைக் கலக்கும்போதெல்லாம் காசு கொஞ்சம் கீழே இறங்கும். கெட்டித் தரை தட்டுப்பட்டால்தான் நிற்கும்.

சாதாரண நாளில் மேலே மணல் மூடிக் கிடக்கும். புயலலையோ ஒரே இரவில் அதை வாரிக் கடலுக்குள் இழுத்துவிடும். மணல்மேடுகளும் இடிந்து சரியும். காசு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, மணல்தான் போயிருக்கிறது!

தேடுவோருக்கு அவசரமும் உண்டு. கடல் அடங்கியதும் சிற்றலைகள் மணலைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். வெள்ளிக்காசு கறுத்துப்போய்த் தட்டைக் கல்போல் கிடப்பதால் பலர் மிதித்துவிட்டே போவார்கள்.

எனக்குக் காசின் விலையைவிட அது தரும் தடயம்தான் பெரிது. ஃபுளோரிடாவின் செபாஸ்டியன் ஊர்க் கரையில் காசு பொறுக்கிய கிப் வாக்னர், எதிலும் 1715-க்குப் பிந்தைய ஆண்டு இல்லை என்பதைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு கடலில் தேடி, 1960-களில் அந்தக் கப்பல்களின் சிதைவுகளிலிருந்து புதையலை மீட்டார்.