பலரின் விருப்பத்திலிருந்து ஒருவரின் விருப்பம்: இணையப் பரிந்துரைகள் இயங்கும் விதம்

இணையத்தில் ஒரு நூலையோ பாடலையோ திரைப்படத்தையோ தேடிச் செல்பவருக்கு, அவர் கேளாமலேயே வேறு சில நூல்களும் பாடல்களும் படங்களும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. ஒருவர் இதுவரை தேர்ந்தெடுத்தவற்றைக் கொண்டு, அவர் இனித் தேர்ந்தெடுக்கக்கூடியவற்றைக் கணித்து முன்வைக்கும் இத்தகைய கணினி நிரல்களின் தொகுதி பரிந்துரை அமைப்பு எனப்படும். கடையின் அடுக்குகளில் இருந்த இடமே பொருள்களின் எண்ணிக்கைக்கு எல்லையாக இருந்த காலத்தில் இப்படியொரு கருவிக்குத் தேவை எழவில்லை. இலட்சக்கணக்கான பொருள்களை ஒரே பட்டியலில் வைக்க இணையம் வழிசெய்த பின்னர், அவற்றுள் எதை யாருக்கு முதலில் காட்டுவது என்பது பெருஞ்சிக்கலாயிற்று. அதற்குக் கிடைத்த முதன்மையான தீர்வு, பொருளின் தன்மையையோ மனிதரின் மனத்தையோ அறிய முற்படாமல், மனிதர்கள் பொருள்களுக்கு அளித்த மதிப்பெண்களிலிருந்து மட்டுமே கணிப்பைப் பெறுவதாகும். அந்தக் கணிப்பு எப்படி நிகழ்கிறது என்பதையும், எந்த நோக்கத்துக்காக நிகழ்த்தப்படுகிறது என்பதையும் சேர்த்து அறிந்தால்தான் இந்த இயந்திரத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள இயலும்.

கூட்டு வடிகட்டலின் தோற்றம்

பரிந்துரைக்கு அடிப்படையில் இரு வழிகள் உண்டு. பொருளின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து, ஒருவர் விரும்பிய பொருளைப் போன்ற வேறொன்றைக் காட்டுவது ஒரு வழி. துப்பறியும் புதினம் படித்தவருக்கு இன்னொரு துப்பறியும் புதினத்தைக் காட்டுவது இவ்வகையைச் சேர்ந்தது. உள்ளடக்கத்தைப் பொருட்படுத்தாமல், ஒத்த விருப்பமுடைய பிறர் எதை விரும்பினார்கள் என்று பார்ப்பது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழிக்குக் கூட்டு வடிகட்டல் என்று பெயர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவாகி, 1992ஆம் ஆண்டில் டேவிட் கோல்ட்பர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கட்டுரையில் விவரிக்கப்பட்ட டேப்ஸ்ட்ரி என்னும் அமைப்பே இப்பெயரை வழங்கியது. நாள்தோறும் வந்து குவியும் மின்னஞ்சல்களில் படிக்கத் தகுந்தவற்றைப் பிரித்தெடுக்க, ஒருவர் படித்துவிட்டு இட்ட குறிப்பை மற்றவர் பயன்படுத்திக்கொள்ள அது இடமளித்தது. ஆனால் யாருடைய குறிப்பை நம்புவது என்பதைப் பயன்படுத்துபவரே முடிவு செய்ய வேண்டியிருந்ததால், ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவுக்கு அப்பால் அந்த முறை விரிய வழியில்லை.

1994ஆம் ஆண்டில் பால் ரெஸ்னிக், ஜான் ரீடல் முதலியோர் அறிமுகப்படுத்திய குரூப்லென்ஸ் இந்தத் தடையை நீக்கியது. யூஸ்நெட் என்னும் இணையக் கலந்துரையாடல் குழுக்களில் வந்த செய்திகளுக்கு வாசகர்கள் 1 முதல் 5 வரை அளித்த மதிப்பெண்களை ஒப்பிட்டு, யாருடைய விருப்பம் யாருடையதோடு ஒத்துப்போகிறது என்பதைக் கணினியே கண்டறிந்தது. இக்கணக்கின் உட்பொருளைச் சிறிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று படங்களுக்கு முதலாமவர் 5, 4, 2 என்றும், இரண்டாமவர் 4, 3, 1 என்றும், மூன்றாமவர் 1, 2, 4 என்றும் மதிப்பெண் அளித்திருப்பதாகக் கொள்வோம். முதல் இருவரின் எண்கள் எங்குமே ஒன்றாக இல்லை; ஆயினும் இரண்டாமவர் எல்லாப் படங்களுக்கும் ஒரு மதிப்பெண் குறைத்து அளிக்கும் கண்டிப்பானவர் என்பதைத் தவிர, இருவரின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றே. ஆகையால், ஒவ்வொருவரின் மதிப்பெண்ணிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்துவிட்டு ஒப்பிடும்போது, ஒப்புமையை −1 முதல் +1 வரை அளக்கும் ஒட்டுறவுக் கெழு இவ்விருவருக்கும் இடையே +1 ஆகவும், முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே −1 ஆகவும் அமைகிறது. முதலாமவர் இன்னும் பார்க்காத நான்காவது படத்துக்கு இரண்டாமவர் 4 மதிப்பெண்ணும் மூன்றாமவர் 1 மதிப்பெண்ணும் அளித்திருந்தால், இரண்டாமவரின் பாராட்டைப் போலவே மூன்றாமவரின் வெறுப்பும், அப்படம் முதலாமவருக்குப் பிடிக்கும் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. மாறுபட்ட சுவையுடையவரின் கருத்தும் பயனற்றுப் போகாமல் கணிப்புக்கு உதவுவது இம்முறையின் நுட்பமான சிறப்பு.

ஆளுக்கு ஆள் அன்று, பொருளுக்குப் பொருள்

கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கொண்ட கடையில், ஒருவர் பக்கத்தைத் திறக்கும் நொடியில் அவரை ஏனைய அனைவரோடும் ஒப்பிடுவது இயலாத செயல். அமேசான் நிறுவனத்தில் கிரெக் லிண்டன், பிரென்ட் ஸ்மித், ஜெரமி யார்க் ஆகியோர் உருவாக்கி, 2003ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்ட முறை இந்த ஒப்பீட்டையே திருப்பிப் போட்டது. ஒத்த மனிதர்களைத் தேடுவதை விடுத்து, ஒரே மனிதரால் சேர்த்து வாங்கப்படும் பொருள்கள் எவையெவை என்று முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொண்டால், வாடிக்கையாளர் வரும்போது அவர் வாங்கிய சில பொருள்களின் வரிசைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். மனிதரின் நாட்டம் புதிதாக ஒன்றை வாங்கியவுடனே மாறக்கூடும் என்றாலும், இரு பொருள்களுக்கு இடையிலான தொடர்பு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை என்பதால், நேற்றுக் கணக்கிட்ட அட்டவணை இன்றும் பயன்படும். இதில் கவனமாகக் களைய வேண்டிய ஒரு பிழையும் உண்டு. எல்லாரும் வாங்கும் பொருள் எதனோடு ஒப்பிட்டாலும் சேர்ந்து வாங்கப்பட்டதாகவே தோன்றும். எனவே ஒரு பொருள் எத்தனை முறை விற்றது என்பதைக் கொண்டு அதன் எடையைக் குறைத்த பிறகே உண்மையான தொடர்பு வெளிப்படும்.

பத்து இலட்சம் டாலர் போட்டி

பரிந்துரைக் கலையைச் சில ஆய்வகங்களின் எல்லைக்குள்ளிருந்து உலகம் முழுவதற்கும் கொண்டுசென்றது, அஞ்சல் வழியாகப் படவட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அறிவித்த போட்டியாகும். 17,770 படங்களுக்கு 4,80,189 வாடிக்கையாளர்கள் 1 முதல் 5 வரை நட்சத்திரங்களாக அளித்த 10,04,80,507 மதிப்பெண்களை அந்நிறுவனம் பொதுவில் வெளியிட்டது. மறைத்து வைக்கப்பட்ட வேறு சில மதிப்பெண்களை, நிறுவனத்தின் சினிமேட்ச் என்னும் அமைப்பைவிட 10 விழுக்காடு துல்லியமாகக் கணிக்கும் குழுவுக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்பது நிபந்தனை. கணித்த மதிப்பெண்ணுக்கும் உண்மையான மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாடுகளை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, அதன் வர்க்கமூலத்தை எடுப்பதே துல்லியத்தின் அளவுகோல்; சினிமேட்ச்சுக்கு அந்த வழு 0.9525 ஆக இருந்தது.

வாடிக்கையாளர்களை வரிசைகளாகவும் படங்களைப் பத்திகளாகவும் அமைத்தால் 853 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்களையுடைய ஓர் அணி கிடைக்கும். அவற்றுள் எண் நிரம்பியவை நூற்றுக்கு ஒன்றை மட்டுமே சற்றுக் கடக்கும். எஞ்சியிருக்கும் வெற்றிடங்களை நிரப்புவதே பரிந்துரையின் கணித வடிவம். அதற்கு உதவிய காரணிப்படுத்தல் என்னும் முறையைச் சைமன் ஃபங்க் என்ற புனைபெயரில் பங்கேற்ற பிராண்டின் வெப் 2006 டிசம்பரில் தம் போட்டியாளர்கள் உட்பட அனைவரும் அறியும்படி விளக்கி எழுதினார். ஒவ்வொரு பார்வையாளருக்கும் சில எண்கள், ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவில் சில எண்கள் என்று ஒதுக்கி, இணையான எண்களைப் பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பார்வையாளரின் எண்கள் 2, 0.5 என்றும் படத்தின் எண்கள் 1.5, 1 என்றும் இருந்தால், 3, 0.5 ஆகிய பெருக்குத்தொகைகளைக் கூட்டிக் கணிப்பு 3.5 என்று பெறப்படும். இந்த எண்களை எவரும் முன்னரே அறிந்து தருவதில்லை. தொடக்கத்தில் ஏதோ சில சிறிய எண்களை இட்டு, தெரிந்த ஒரு மதிப்பெண்ணோடு கணிப்பை ஒப்பிட்டு, வழு குறையும் திசையில் அவற்றை மிகச் சிறிதளவு திருத்தி, பத்துக் கோடி மதிப்பெண்களின் வழியாகவும் மீண்டும் மீண்டும் இவ்வாறே சென்றால், எண்கள் தாமாகவே ஒரு நிலைக்கு வந்து சேர்கின்றன. அப்படிச் சேர்ந்த பின்னர் நோக்கினால், ஓர் எண் படத்தின் விறுவிறுப்பையும் மற்றோர் எண் அதன் கலைத்தன்மையையும் சுட்டுவதுபோல் அமைந்திருப்பதைக் காண முடிகிறது. இயந்திரத்துக்கு ஒரு படத்தின் கதையும் சொல்லப்படவில்லை என்பதை நினைத்தால், மனிதர்களின் தேர்வுகளுக்குள் எவ்வளவு ஒழுங்கு உறைந்திருக்கிறது என்பது விளங்கும். ஆயினும் எண்களைக் கட்டுப்பாடின்றி வளரவிட்டால், தெரிந்த மதிப்பெண்களை மனப்பாடம் செய்துவிட்டுத் தெரியாதவற்றில் தவறும் மிகைப்பொருத்தம் என்னும் குறை நேரும் என்பதால், அவை பெரிதாவதற்குத் தண்டம் விதிக்கும் விதியும் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

இந்த அடித்தளத்தின்மேல் பல நுட்பங்கள் சேர்ந்தன. எல்லாப் படங்களின் சராசரி 3.6 என்றும், ஒரு படம் அதைவிட 0.4 கூடுதலாகப் பெறுவது என்றும், ஒரு பார்வையாளர் வழக்கமாக 0.5 குறைத்து அளிப்பவர் என்றும் தெரிந்தால், தனிப்பட்ட சுவையைத் தொடுவதற்கு முன்னரே 3.5 என்னும் நல்ல தொடக்கக் கணிப்பு கிடைத்துவிடுகிறது. ஒருவரின் கண்டிப்பு காலப்போக்கில் மாறுவதையும் போட்டியாளர்களுள் ஒருவரான யெஹுடா கோரன் கணக்கில் சேர்த்தார். ஒரு பார்வையாளர் எத்தனை மதிப்பெண் அளித்தார் என்பது ஒருபுறமிருக்க, எந்தப் படங்களுக்கு மதிப்பெண் அளிக்கத் தேர்ந்தெடுத்தார் என்பதே அவரைப் பற்றிய தகவல் என்பதும் தெளிவாயிற்று. இறுதியில், பல குழுக்கள் ஒன்றிணைந்து நூற்றுக்கணக்கான முறைகளைக் கலந்து உருவாக்கிய விடை 0.8567 என்னும் வழுவை எட்டியது. வேறொரு கூட்டணியும் அதே எண்ணை எட்டிய நிலையில், 20 நிமிடம் முந்தி விடையைச் சமர்ப்பித்த பெல்கோர்ஸ் பிராக்மாட்டிக் கேயாஸ் என்னும் அந்த ஒன்றிணைந்த குழுவுக்கு 2009 செப்டம்பர் 21ஆம் நாள் பரிசு வழங்கப்பட்டது.

போட்டி கற்பித்தவை

வெற்றி பெற்ற அந்தப் பெருங்கலவையை நெட்ஃபிளிக்ஸ் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. போட்டியின் முதற்கட்டத்தில் கிடைத்த இரு முறைகளை ஏற்றுக்கொண்ட அந்நிறுவனம், எஞ்சிய சிறு முன்னேற்றத்துக்குத் தேவைப்படும் உழைப்பு மிகுதி என்று கருதியது. அதற்குள் இணைய வழியாகவே படம் பார்க்கும் வசதியும் வந்துவிட்டதால், பார்வையாளர் எத்தனை நட்சத்திரம் அளிப்பார் என்ற கேள்வியைவிட, எதைத் தொடங்கினார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்ற செய்திகள் முதன்மை பெற்றன. 2017ஆம் ஆண்டில் நட்சத்திர மதிப்பீடே கைவிடப்பட்டு, விருப்பம் அல்லது மறுப்பு என்னும் இரு குறிகள் அதன் இடத்தைப் பெற்றன.

மற்றொரு பாடம் அந்தரங்கம் பற்றியது. வெளியிடப்பட்ட தரவில் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தபோதும், சென்னை ஐஐடியில் பயின்ற அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகாவும் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பெயர் நீக்கம் மட்டும் போதிய காப்பு ஆகாது என்று நிறுவியது. ஒருவர் அளித்த எட்டு மதிப்பெண்களும், அவற்றை அளித்த நாள்களும் ஏறத்தாழத் தெரிந்தால், அவற்றுள் இரண்டு முற்றிலும் தவறாக இருப்பினும், 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அவர்கள் காட்டினர். வழக்கும் அரசு அமைப்பின் கவலையும் தொடர்ந்ததால், திட்டமிடப்பட்டிருந்த இரண்டாவது போட்டி 2010ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பரிந்துரைக்கு உதவும் தனித்தன்மையே மனிதரைக் காட்டிக்கொடுக்கவும் உதவுகிறது என்பதால், இவ்விரண்டையும் முற்றிலும் பிரிப்பது எளிதன்று.

எதை அளப்பது என்பதே முடிவு

இன்றைய பெரிய அமைப்புகள் பொதுவாக இரு கட்டங்களாக இயங்குகின்றன. 2016ஆம் ஆண்டில் யூடியூப் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரை இந்த அமைப்பைத் தெளிவாக விளக்குகிறது. கோடிக்கணக்கான காணொளிகளிலிருந்து சில நூறு காணொளிகளை முதற்கட்டம் விரைவாகப் பிரித்தெடுக்க, இரண்டாம் கட்டம் அவற்றை நுணுக்கமாக மதிப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசைக்கு அடிப்படையாக எந்த அளவு வைக்கப்படுகிறதோ, அதற்கேற்பவே முழு அமைப்பும் வளைகிறது. சொடுக்குகளை அளவாகக் கொண்டால், ஏமாற்றும் தலைப்பும் படமும் உடைய காணொளிகள் முன்னேறும் என்பதால், 2012ஆம் ஆண்டில் யூடியூப் பார்த்த நேரத்தை அளவாக ஏற்றது. ஆனால் நீண்ட நேரம் பார்த்ததும் பார்த்தபின் மனநிறைவு அடைந்ததும் ஒன்றல்ல. ஆகவே இந்த அளவும் தன் பங்குக்கு வேறொரு திசையில் இழுக்கக்கூடியதே. காட்டப்பட்டதே பார்க்கப்படுகிறது, பார்க்கப்பட்டதே மீண்டும் காட்டப்படுகிறது என்னும் சுழற்சியால், புதிய படைப்பாளியும் சிறுபான்மையோரின் மொழிகளில் வரும் படைப்பும் பின்தள்ளப்படும் இடர் உண்டு. எவரும் இன்னும் தொடாத பொருளுக்கு மதிப்பெண்ணே இராது என்பதால், உள்ளடக்கத்தை ஆராயும் பழைய வழியையும், அறியப்படாதவற்றை வேண்டுமென்றே சிறிதளவு கலந்து காட்டும் வழியையும் வடிவமைப்பாளர்கள் இணைத்தே கையாள வேண்டியிருக்கிறது.

பரிந்துரை அமைப்பு தன் போக்கில் இயங்கும் இயற்கை ஆற்றல் அன்று. அது எதைப் பெருக்க வேண்டும் என்பதை ஒரு நிறுவனத்தில் சிலர் கூடி முடிவு செய்கிறார்கள், அம்முடிவை மாற்றவும் அவர்களால் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், மிகப் பெரிய இணையத் தளங்கள் தம் பரிந்துரையின் முதன்மையான அளவுகோல்களை விளக்க வேண்டும் என்றும், தனிநபர் விவரக்குறிப்பைச் சாராத ஒரு தெரிவையேனும் வழங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டிருப்பது இந்த உணர்வின் விளைவே. ஒருவருக்குக் காட்டப்படும் பட்டியல் முகம் அறியாத பல்லாயிரம் மனிதர்கள் விட்டுச்சென்ற தேர்வுகளால் ஆனது. அந்தப் பொதுச்செல்வம் யாருடைய பயனுக்காக வரிசைப்படுத்தப்படுகிறது என்று கேட்கும் உரிமை, அதை உருவாக்கிய அனைவருக்கும் உண்டு. கணக்கின் நுட்பத்தை அறிந்துகொள்வது அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்பதற்கான முதல் தகுதியாகும்.