தி கமிட்மென்ட்ஸ்: பேண்ட் ஏன் உடைஞ்சுது?

இன்னைக்கு ராடி டாயிலோட 1987 நாவல், 'தி கமிட்மென்ட்ஸ்'. டப்ளின்ல உழைக்கும் வர்க்கத்துப் பசங்க சேர்ந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களோட சோல் இசையை வாசிக்க ஒரு பேண்ட் ஆரம்பிக்கிறாங்க. மேனேஜர் ஜிம்மி எந்த வாத்தியமும் வாசிக்கிறதில்ல. (உங்க ஆபீஸ் மேனேஜர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.) ட்ரம்பெட் வாசிக்கிற ஜோயி மட்டும் நாற்பதைத் தாண்டினவர். எல்லாரும் அவரை குரு மாதிரி நம்புறாங்க. அவரோ கூடப் பாடுற மூணு பொண்ணுங்களோடயும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பழகுறார். சிரிச்சுக்கிட்டே படிப்போம், ஆனா அந்த நம்பிக்கைதான் முதல்ல விரிசல் விடுது. பாடகன் டெக்கோவோட தலைக்கனம் வேற. நாவல் முழுக்க பேச்சுதான், வர்ணனை கொஞ்சம். அதனால சண்டை காதுலயே கேட்குது. வாசிப்பு கைகூடி, ரெகார்ட் கம்பெனி ஆள் தேடி வர்ற ராத்திரியே எல்லாம் உடையுது. கடைசிப் பக்கங்கள்ல ஜிம்மி அடுத்த பேண்டுக்கு ஆள் சேர்க்கிறான்.