ஆவணக்காட்டி மென்பொருளில் உருளலும் உருப்பெருக்கமும்

ஆவணக்காட்டி என்பது பிடிஎஃப் போன்ற வடிவங்களில் உள்ள கோப்புகளைத் திரையில் திறந்து படிப்பதற்கென்றே உள்ள மென்பொருள். ஆக்ரோபேட் ரீடர், சுமத்ரா பிடிஎஃப், லினக்ஸ் கணினிகளில் காணப்படும் எவின்ஸ், ஒக்குலார், பயர்பாக்ஸ் உலாவிக்குள்ளேயே அமைந்த பிடிஎஃப்.ஜேஎஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பக்கங்களைச் சாளரத்துக்குள் நகர்த்துவது உருளல் எனவும், பக்கம் தோன்றும் அளவை மாற்றுவது உருப்பெருக்கம் எனவும் சொல்லப்படுகின்றன. கருவிப்பட்டையில் இவற்றுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. ஆனால் நிரல் எழுதுபவருக்கு இரண்டும் ஒரே கணக்குதான்: வாசகர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் வரி, அளவு மாறிய பிறகு திரையில் எங்கே இருக்க வேண்டும்? இந்தக் கணக்கு பிசகினால், ஓர் அடிக்குறிப்பைப் படிக்கப் பெரிதாக்கிய உடனே அந்த அடிக்குறிப்பே காணாமல் போய்விடும்.

பக்கத்தின் அளவு

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது ஐஎஸ்ஓ தரமாயிற்று. இதில் ஓர் அங்குலத்தின் 72இல் ஒரு பங்கே அடிப்படை அலகு. ஏ4 தாள் ஏறத்தாழ 595 × 842 அலகுகள். அங்குலத்துக்கு 96 படவணுக்கள் எனக் கொள்ளும் திரையில், 100% அளவில் அப்பக்கம் சுமார் 794 × 1123 படவணுக்களாகத் தோன்றும். 'அகலத்துக்குப் பொருத்து', 'முழுப் பக்கத்தையும் பொருத்து' என்ற தேர்வுகள் நிலையான எண்கள் அல்ல. சாளரத்தின் அளவை மாற்றினாலோ கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினாலோ மென்பொருள் விழுக்காட்டைப் புதிதாகக் கணக்கிடும். பயனர் பெரிதாக்கும் பொத்தானைத் தொடாதபோதும் உருப்பெருக்கம் நடக்கிறது என்பதே இதன் பொருள்.

நிலைப்புள்ளி

பெரிதாக்கும்போது ஏதேனும் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்க, மற்றவை அதிலிருந்து விலகிச் செல்லும். அதை நிலைப்புள்ளி எனலாம். சுட்டியின் சக்கரத்தால் பெரிதாக்கும்போது சுட்டுக்குறி இருக்கும் இடமும், விரல்களால் விரிக்கும்போது இரு விரல்களுக்கு நடுவிலுள்ள இடமும் நிலைப்புள்ளியாக இருப்பதே வாசகருக்கு இயல்பாகப் படும். பொத்தானை அழுத்தும்போது சுட்டுக்குறி கருவிப்பட்டையில் இருப்பதால், சாளரத்தின் நடுப்பகுதியையோ மேல் விளிம்பையோ கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆவணத்தின் தொடக்கத்திலிருந்து 1000 படவணு கீழே உருட்டியிருக்கிறோம். சுட்டுக்குறி சாளரத்தின் மேல் விளிம்பிலிருந்து 300 படவணு கீழே உள்ளது. அப்படியானால் அதன் அடியில் உள்ள வரி, தொடக்கத்திலிருந்து 1300இல் இருக்கிறது. இருமடங்காகப் பெரிதாக்கினால் அவ்வரி 2600க்குப் போகும். அது திரையில் பழைய இடத்திலேயே நிற்க, உருளல் நிலை 2600 − 300 = 2300 ஆக மாற வேண்டும். மென்பொருள் 1000லேயே விட்டுவிட்டால், அவ்வரி சாளரத்தின் மேல் விளிம்பிலிருந்து 1600 படவணு கீழே, பெரும்பாலான திரைகளுக்கு வெளியே போய்விடும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. தொடர் உருளலில் பக்கங்களுக்கு நடுவே சிறு இடைவெளி விடப்படுகிறது. பல காட்டிகளில் பக்கம் பெரிதானாலும் இடைவெளி பெரிதாவதில்லை. இடைவெளி 10 படவணு என்றால், 150ஆம் பக்கத்துக்கு மேலே 149 இடைவெளிகள், அதாவது 1490 படவணுக்கள். முழுத் தொலைவையும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் பெருக்கினால், புதிய இடம் அந்த 1490 படவணு தள்ளிப் போய்விடும். 200% அளவில் அது பாதிப் பக்கத்துக்கும் மேல். நூலின் முதல் சில பக்கங்களில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இக்குறை தென்படவே தென்படாது. எனவே வாசகரின் இடத்தைப் படவணு எண்ணிக்கையாக வைக்காமல், 'இத்தனையாவது பக்கம், அதற்குள் இந்தப் புள்ளி' என்று நினைவில் வைப்பதே சரியான முறை. கோப்பை மூடி மறுநாள் வேறு அளவுத் திரையில் திறந்தாலும் இம்முறை கைகொடுக்கும்.

சக்கரமும் தொடுபலகையும்

சக்கரம் கொண்ட சுட்டியைப் பரவலாக்கியது மைக்ரோசாஃப்ட் 1996இல் வெளியிட்ட இன்டெலிமவுஸ். விண்டோஸில் சக்கரத்தின் ஒரு பல் நகர்வுக்கு 120 என்ற எண் அனுப்பப்படுகிறது. நுட்பமான கருவிகள் அதைச் சிறு சிறு பகுதிகளாக அனுப்பும். அவற்றைக் கூட்டிப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் முழுப் பல்லாக எடுத்துக்கொள்ளும் நிரலில், விரல் பட்டாலே பக்கம் பாய்ந்துவிடும். கண்ட்ரோல் விசையுடன் சக்கரத்தைச் சுழற்றினால் பெரிதாவது பொது வழக்கு. தொடுபலகையில் உருட்டிய வேகம் இன்னும் ஓயாத நிலையில், வேறு ஏதோ குறுக்குவழிக்காகக் கண்ட்ரோலை அழுத்தினால் பக்கம் திடீரென ஊதிப்போவதும் இதனால்தான்.

பெரிதாக்கும் படிகள் கூட்டலாக அல்லாமல் பெருக்கலாக அமைவது நல்லது. ஒவ்வொரு படிக்கும் 10% கூட்டினால், 20% அளவில் அது ஒன்றரை மடங்கு. 400% அளவில் கண்ணுக்கே தெரியாது.

தெளிவும் நினைவகமும்

அளவு இருமடங்கானால் படவணுக்கள் நான்கு மடங்காகும். படவணுவுக்கு 4 பைட் எனக் கொண்டால், ஓர் ஏ4 பக்கத்துக்கு 100% அளவில் சுமார் 3.5 மெகாபைட் போதும். 400% அளவில் ஏறத்தாழ 57 மெகாபைட் வேண்டும். ஆகவே காட்டிகள் கண்ணில் படும் பகுதியை மட்டும் ஓடுகளாகப் பிரித்து வரைகின்றன, அல்லது பழைய படத்தையே முதலில் இழுத்துக் காட்டிவிட்டுத் தெளிவான படத்தைப் பின்னர் மாற்றுகின்றன. பெரிதாக்கியதும் எழுத்து ஒரு கணம் மங்கித் தெளிவது இதனால்தான்.

வருடி எடுத்த நூல்களில் இந்தத் தெளிவுக்கு எல்லை உண்டு. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வருடிய பக்கத்தை 96 படவணுத் திரையில் 312%க்கு மேல் பெரிதாக்கினால், புதிதாக எந்த நுணுக்கமும் கிடைக்காது. குறைந்த தரத்தில் வருடிய பழைய தமிழ் நூல்களில் மெய்யெழுத்தின் புள்ளி தாளின் அழுக்கோடு கலந்துவிட்டால், எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அது மீளாது.

பக்கவாட்டு உருளல்

பார்வைக் குறைவு உள்ளவருக்கு 400% அளவு ஆடம்பரம் அல்ல. ஆனால் அந்த அளவில் ஒரு வரி திரையைவிட அகலமாகிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் போய், மீண்டும் இடப்பக்கம் வந்து, அடுத்த வரியைத் தேட வேண்டும். 40 வரிப் பக்கத்துக்கு 40 முறை இப்பயணம். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பு, 1280 படவணு அகலச் சாளரத்தில் 400% பெரிதாக்கினாலும் வழக்கமான உரையை ஒரே திசை உருளலில் படிக்க முடிய வேண்டும் என்கிறது. இதற்காகச் சில காட்டிகளில், எழுத்து பெரிதாகும்போது வரிகளைத் திரை அகலத்துக்கு ஏற்ப மடித்து அடுக்கும் வசதி உள்ளது. கோப்பில் எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தால்தான் அது வேலை செய்யும். வெறும் படங்களாக வருடி ஏற்றப்பட்ட நூலை எழுத்துணரி கொண்டு உரையாக்கும்வரை, அதன் வாசகர் வரிக்கு வரி பக்கவாட்டில் நகர்ந்தே படிக்க வேண்டியிருக்கிறது.