ஆழத்துல கைவிடாத டார்ச் எது?

செமஸ்டர் லீவு வந்தாச்சு. பாண்டிச்சேரியில் ஸ்கூபா, முடிந்தால் அந்தமானில் ஒரு நைட் டைவ், திரும்பி வரும் வழியில் கேம்பிங்... கேங்கில் பிளான் சூடாக ஓடுகிறது. மாஸ்க், ஃபின்ஸ், டேங்க் எல்லாம் டைவ் சென்டரிலேயே கிடைத்துவிடும். 'கைக்கு அடக்கமா வாட்டர்ப்ரூஃப் டார்ச் ஒண்ணு வாங்கிட்டா கடலுக்கும் ஆச்சு, காட்டுக்கும் ஆச்சு' என்று தேட ஆரம்பிக்கிறீர்கள். '10,000 லுமென், 100 சதவிகிதம் வாட்டர்ப்ரூஃப், விலை 499 ரூபாய் மட்டுமே' என்று ஒரு விளம்பரம் கண் சிமிட்டுகிறது.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! டார்ச் எவ்வளவு பளிச்சுனு எரியுது என்பது கடைசிக் கேள்வி. எங்கே அணையும் என்பதுதான் முதல் கேள்வி. கும்மிருட்டுக் கடலில் 15 மீட்டர் ஆழத்தில் வெளிச்சம் போனால், பக்கத்தில் இருக்கும் நண்பனும் தெரியமாட்டான், காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரும் தெரியாது.

வாட்டர்ப்ரூஃப்னா எவ்வளவு?

டார்ச் அட்டைப்பெட்டியில் 'ஐ.பி.எக்ஸ்' என்று போட்டு ஒரு நம்பர் இருக்கும். 4 என்றால் மழைச்சாரல் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதையும் தாண்டி. ஆனால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதை கம்பெனிதான் சொல்ல வேண்டும். '8' போட்ட பல டார்ச்சுகளில் பொடி எழுத்தில் '2 மீட்டர்' என்று இருக்கும். அது நீச்சல் குளத்துக்குத்தான் ஆகும்!

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஸ்கூபாவின் ஆரம்ப சர்டிஃபிகேட் உங்களை அனுமதிக்கும் ஆழம் 18 மீட்டர். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப் போல கிட்டத்தட்ட 2.8 மடங்கு. 'பக்கெட்ல முக்கிப் பார்த்தேன், ஓகே' என்பதெல்லாம் டெஸ்ட்டே இல்லை. டைவிங்குக்கு என்றே செய்த, 100 மீட்டர் தாங்கும் என்று தெளிவாக எழுதியிருக்கும் டார்ச்சைத் தேடுங்கள்.

லுமென் மாயாஜாலம்

2009-ல் வந்த 'ஆன்சி எஃப்.எல்.1' என்ற அமெரிக்கத் தரமுறைப்படி, டார்ச்சை ஆன் செய்து 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள் வெளிச்சத்தை அளப்பார்கள். அந்த வெளிச்சம் 10 சதவிகிதமாகக் குறையும் வரை எரியும் நேரத்தை 'ரன்டைம்' என்பார்கள். அதாவது '3 மணி நேரம்' என்று போட்டிருந்தால், கடைசி ஒரு மணி நேரம் அகல் விளக்கு மாதிரி எரிந்தாலும் அது கணக்கில் சேர்ந்துவிடும். இந்தத் தரமுறையின் பெயரே இல்லாமல் வெறும் 10,000 என்று போட்டிருந்தால், அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள். சாதாரண நைட் டைவுக்கு நிஜமான 1,000 லுமென் தாராளம்.

கம்பு மாதிரியா, குடை மாதிரியா?

மூடுபனியில் பைக் ஹை-பீம் போட்டால் என்ன ஆகும்? எதிரே வெள்ளைச் சுவர்! கலங்கிய கடலிலும் அதே கதைதான். குடை மாதிரி விரியும் வெளிச்சம் தண்ணீரில் மிதக்கும் துகள்களில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். கம்பு மாதிரி நீளும் ஒல்லி வெளிச்சம் துளைத்துக்கொண்டு போகும், சிக்னல் காட்டவும் வசதி. வீடியோ எடுக்கிறவர்களுக்கும் டென்ட்டுக்கும் விரிந்த வெளிச்சம்தான் பெஸ்ட்.

தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். அதனால் பகல் டைவிலேயே டார்ச் அடித்தால் சாம்பலாகத் தெரிந்த பவளம் சிவப்பாக மின்னும்!

கரையில் கொதிக்கும்

டைவ் டார்ச் சூட்டைத் தணிப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான். அதையே கரையில் ஃபுல் பவரில் பிடித்திருந்தால் கை சுடும், பல்பும் கெடும். இரண்டுக்கும் ஒரே டார்ச் வேண்டுமென்றால், குறைந்த வெளிச்ச மோடும், சூடானால் தானே குறைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடியில் இருக்கும் ரப்பர் வளையம்தான் டார்ச்சின் உயிர். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் சிக்கினாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். டைவுக்கு முன்னால் துடைத்து, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஈரக் கையோடு பேட்டரி மாற்றவே கூடாது.

லித்தியம் பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கத்தையும் விடுங்கள். 2019 செப்டம்பர் 2-ம் தேதி கலிபோர்னியா கடலில் 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு அதிகாலையில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்துபோனார்கள். தீ எப்படிப் பிடித்தது என்பதை விசாரணையால் உறுதி செய்ய முடியவில்லை. ஆனால் சார்ஜில் கிடந்த பேட்டரிகளும் சந்தேகப் பட்டியலில் இருந்தன. இரவில் ரோந்து சுற்ற ஆள் இல்லாததுதான் பெரிய குற்றமாகச் சொல்லப்பட்டது. விமானத்தில் போகும்போதும் ஸ்பேர் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஒண்ணு பத்தாது!

நைட் டைவுக்கு ஆளுக்கு இரண்டு டார்ச். குகைக்குள் டைவ் அடிப்பவர்கள் ஆளுக்கு மூன்று இல்லாமல் இறங்கமாட்டார்கள். பட்ஜெட் இடித்தால் ஒரே ஒரு காஸ்ட்லி டார்ச் வேண்டாம், நம்பகமான இரண்டு சுமாரானவை போதும். வெளிச்சத்தால் வட்டம் போட்டால் 'ஓகே'. பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் 'இங்கே பார்'. வேகவேகமாக அசைத்தால் 'ஆபத்து'. இறங்கும் முன் நண்பனோடு ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். அவன் முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள்!

கரையில் ஒரு நாகரிகம்

சென்னைக் கடற்கரையில் 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி முழுக்க நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சு, வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி நகரும். உங்கள் புது டார்ச்சை அங்கே பெருமையாக அடித்தால் அது ரோட்டைப் பார்த்துப் போய்விடும். அணைத்து வையுங்கள். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். பழகியபின் நட்சத்திர வெளிச்சமே போதும்.

நல்ல டார்ச்சுக்கு எரியவும் தெரியணும், அதைப் பிடிக்கிறவருக்கு அணைக்கவும் தெரியணும். ஹேப்பி டைவிங்!