வீட்டுக் காற்றையும் கம்ப்யூட்டரில் அளக்கலாம்!

எங்கள் பழைய ஓட்டு வீட்டில் ஜன்னல்கள் சிறியவை. பாட்டி இரவெல்லாம் இருமுவார். காரணம் அறிய, லேசர் தூசு சென்சார் ஒன்றை வாங்கி யூஎஸ்பி மூலம் கம்ப்யூட்டரில் இணைத்தேன்.

இதிலுள்ள குட்டி விசிறி காற்றை உள்ளே இழுக்கும். லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறும். சிதறும் ஒளியைக் கொண்டு பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்களின் அளவு கணக்கிடப்படுகிறது.

பதிவான எண்களை எக்செல்லில் திறந்து சார்ட் போட்டேன். சமையல் நேரத்தில் சிறு மேடு; கொசுவர்த்தி கொளுத்தி ஜன்னலை மூடிய பிறகு பெரிய மலை! கொசுவலைக்கு மாறினோம். மலை மறைந்தது, இருமலும் குறைந்தது.

உங்கள் அளவு சரியா? ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2021). இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு தர அளவு 60.

இரண்டு எச்சரிக்கைகள்: ஈரப்பதம் மிகுந்தால் சென்சார் கூட்டிக் காட்டும். உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடை இது காட்டவே காட்டாது. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால், அதற்கென உள்ள அலாரத்தைத் தனியாக வாங்கி மாட்டுங்கள்.